வெள்ளீயத் தீவுகளில் எட்டு நாட்கள்: ஒரு சுற்றுலாச் சேவை பற்றிய மதிப்பீடு

நல்லூர்த் திருவிழா முடிந்து இரண்டாம் கிழமை, யாழ்ப்பாண நகரில் இயங்கும் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில், இந்தோனேசியாவின் பங்கா-பெலித்தோங் தீவு மாகாணத்துக்குப் பதினாறு பேர் சென்று வந்தோம். எங்கள் பகுதியிலிருந்து பாலிக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருபவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்த மாகாணத்தின் பெயரையோ நான் விசாரித்தவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், நிறுவனம் எதைச் சரியாகச் செய்தது, எதில் தவறியது, அந்தத் தீவுகளில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளை நேரில் எடுத்துச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார்கள். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்பதே முறை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெலித்தோங் தீவில் கழிந்த நாட்களுக்காக இந்தப் பயணத்தை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பங்காத் தீவில் கழிந்த நாட்கள் திட்டமிடலில் கோட்டை விட்டவை. அதற்குக் காரணம், இந்த மாகாணத்தைக் கடற்கரைச் சுற்றுலாவாக மட்டுமே நிறுவனம் விளங்கி வைத்திருப்பதுதான். அவர்கள் தந்த விளம்பரக் கையேட்டில் பதினொரு படங்கள் இருந்தன. பதினொன்றும் வெண்மணலும் நீலக்கடலும். வெள்ளீயம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன் என்ற வகையில், அதைக் கண்டபோதே எனக்கு உறுத்தியது. உலகச் சந்தைக்கு இந்தோனேசியா அனுப்பும் வெள்ளீயத்தின் மிகப் பெரும் பங்கு இந்தத் தீவுகளிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த கடலிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. அங்குள்ள ஊர்கள், சாலைகள், கோயில்கள், உணவு, மக்களின் முகச்சாயல் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த உலோகம் இருக்கிறது.

மாகாணம் சுமத்திராவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே கிடக்கிறது. பங்கா, பெலித்தோங் என்ற இரண்டு பெரிய தீவுகளும் அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு தீவுகளும் சேர்ந்தது அது. முன்னர் தென் சுமத்திரா மாகாணத்தின் பகுதியாக இருந்து, 2000ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாகாணமாக்கப்பட்டது. தலைநகர் பங்காவிலுள்ள பங்கால்பினாங். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 14 இலட்சத்து 55 ஆயிரம். மலாய் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். சுரங்க வேலைக்காகத் தென்சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹக்கா சீனரின் வழித்தோன்றல்கள் மற்றொரு பெரிய சமூகத்தினர்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கிருந்து கோலாலம்பூர் வழியாக ஜகார்த்தா, பின்னர் ஒரு மணித்தியாலம் உள்ளூர் விமானத்தில் பெலித்தோங்கின் தஞ்சோங் பாண்டான் என்பது எங்கள் வழி. விசா வேலைகளை நிறுவனமே முன்கூட்டி முடித்திருந்தது. எங்களுடன் வந்த நிறுவனத் தம்பி முதியவர்களின் பைகளைத் தூக்குவதிலிருந்து மருந்து வாங்கிக் கொடுப்பது வரை முகம் கோணாமல் செய்தார். இந்தப் பகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை.

'தஞ்சோங்' என்றால் மலாயில் முனை. 'பாண்டான்' என்பது தாழை இனம், எங்கள் வீட்டுக் கறிகளில் போடும் ரம்பையும் அதன் உறவுதான். பருத்தித்துறைக்காரர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். செடியின் பெயரில் அமைந்த இன்னொரு கடற்கரை ஊரில் வந்து இறங்கியிருக்கிறோம் என்று அவர் மகிழ்ந்தார்.

பெலித்தோங்கின் வடமேற்குக் கரையிலுள்ள தஞ்சோங் திங்கியை முதன்முதலாகப் பார்த்த கணத்தை என்னால் மறக்க முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பது. கருங்கல் வேண்டுமானால் தெற்கே வன்னிப் பக்கம்தான் போக வேண்டும். எங்கள் கடற்கரைகளில் முருகைக் கல்லைத் தவிர வேறு கல்லைக் கண்டறியாத கண்களுக்கு, மாடிவீடு அளவில் வழுவழுப்பாக உருண்டு திரண்ட கருங்கற்பாறைகள் நூற்றுக்கணக்கில் கடலுக்குள்ளும் கரையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் காட்சி நம்ப முடியாததாக இருந்தது. பாறைகளுக்கு நடுவே முழங்காலளவு நீர். அதன் தெளிவில் கால்விரல் நகம் தெரிகிறது. சுனாமியின் பின் கடலில் கால் வைக்கவே அஞ்சிய அக்கா ஒருவர், அந்தப் பாறைகளுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் இருந்து விட்டு எழும்ப மனமில்லாமல் எழும்பினார்.

இங்கே வழிகாட்டி சொல்லத் தவறிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பாறைகளும் வெள்ளீயமும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். மியன்மாரிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக இறங்கி வரும் வெள்ளீயப் பட்டையின் தென்முனை இந்தத் தீவுகள். இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் கருங்கற்குழம்பு இறுகியபோது, அதன் கடைசி வெந்நீரிலும் வெடிப்புகளிலும் வெள்ளீயத் தாது படிந்தது. பின்னர் மழையும் வெயிலும் கருங்கல்லை அரித்தன. அரிபடாத கெட்டியான பகுதிகள் பாறை உருண்டைகளாக மிஞ்சின; மாவாக உதிர்ந்த களிமண் வெள்ளைக் களியாகத் தங்கியது; பாரமான தாதுமணிகள் ஓடைகளின் அடியில் சேர்ந்தன. கடற்கரைப் பாறை, வெண்களி ஏரி, ஈயச் சுரங்கம் என்று தனித்தனியே நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் மூன்றும் ஒரு கருங்கல்லின் மூன்று கூறுகள். 2021இல் யுனெஸ்கோ பெலித்தோங்கை உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டதற்கு இந்த வரலாறே அடிப்படை. இதைப் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் பதினாறு பேரும் வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்ததை வானுக்குள் இருந்தபடி நானே சொன்னேன்.

இரண்டாம் நாள் தஞ்சோங் கெலாயாங்கிலிருந்து படகில் சிறு தீவுகளுக்குச் சென்றோம். கருடனின் தலையும் அலகும் போல நிற்கும் பாறை ஒன்று கடலுக்குள் இருக்கிறது. 'பத்து கருடா' என்றே அதை அழைக்கிறார்கள். லெங்குவாஸ் தீவில் 1882இல் ஒல்லாந்தர் நிறுவிய வெள்ளை இரும்பு வெளிச்சவீடு இன்னும் உறுதியாக நிற்கிறது. அதன் அடியில் பவளப்பாறை மீன்களைக் கண்ணாடி அணிந்து பார்க்கலாம். படகுக்காரர் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டிய பின்னரே நங்கூரத்தைத் தூக்கினார். குறிகட்டுவானிலிருந்து நெருக்கியடித்துக்கொண்டு படகேறிப் பழகிய எங்களுக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த நாளுக்கு நிறுவனத்துக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

இந்தக் கடலைப் பற்றி இன்னொன்று. 1998இல் பெலித்தோங்கின் கரைக்கப்பால் கடலட்டை தேடி மூழ்கியவர்கள், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் தாழ்ந்த அரபுக் கப்பல் ஒன்றைக் கண்டார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல் அது. அதனுள் ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய திகதி பொறிக்கப்பட்டிருந்தது. பெரும்பகுதி இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குருநகர், அரியாலைப் பக்கத்துக் கடலட்டைத் தொழிலை அறிந்த எங்கள் குழுவினர் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எங்கள் கடலடியிலும் என்ன கிடக்கிறதோ என்று ஒருவர் நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உச்சம். அது நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலில் 'ஓய்வும் பொருள் வாங்கலும்' என்று குறிக்கப்பட்டிருந்த நாள். எங்கள் உள்ளூர் வழிகாட்டியின் தந்தை ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர் என்று முதல் நாள் பேச்சில் தெரிந்துகொண்டதால், கடைத்தெருவுக்குப் பதிலாகச் சுரங்கம் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். முதலில் நகருக்கு அருகிலுள்ள வெண்களி ஏரிக்குக் கூட்டிச் சென்றார். களிமண் தோண்டிய குழியில் நீர் தேங்கி, நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். சுற்றிவரச் சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளை மேடுகள். வெயில் ஏறிய பின் கண் கூசுகிறது; காலை எட்டு மணிக்கு முன் போவது நல்லது.

அங்கிருந்து கிழக்கே, கெலாப்பா கம்பித் பகுதியிலுள்ள நாம் சாலு என்ற கைவிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் போகும் வழியில், ஒரு 'கோலோங்' ஓரமாக வானை நிறுத்தச் சொன்னார். ஈயம் தோண்டி முடிந்த பின் நீர் நிறைந்து கிடக்கும் குழியை அங்கே கோலோங் என்கிறார்கள். தீவுகள் இரண்டிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோலோங்தான். கரையில் ஈர மணல் குவியல் ஒன்று இருந்தது. வானின் பின்புறத்திலிருந்து, நடுவில் சற்றே குழிந்த அகன்ற மரத்தட்டு ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய தந்தை பாவித்தது. அதன் பெயர் 'டூலாங்'. இரண்டு கைப்பிடி மணலைப் போட்டு, முழங்காலளவு நீரில் நின்று, தட்டைச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினார். வெண்மணல் நீரோடு வழிந்து போய்க்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தின் பின் தட்டின் நடுவில் எள்ளுப் போலக் கரிய மணிகள் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மிஞ்சின. என் உள்ளங்கையில் கொட்டினார். அந்தச் சிறு குவியலுக்கு அத்தனை பாரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீரைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு அடர்த்தி என்று வகுப்பில் எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன், கையில் ஏந்தியபோதுதான் அந்த எண்ணின் பொருள் விளங்கியது.

பக்கத்தில் நின்ற கந்தர்மடத்து மாமி, "தம்பி, இது எங்கட அரிக்கன் சட்டி வேலைதானே" என்றார். உண்மையில் அதேதான். அரிசியை நீரோடு ஆட்டி ஆட்டி வார்த்துவிட்டுக் கல்லை அடியில் தங்க வைக்கும் வேலை. நாங்கள் எறிந்துவிடும் அடிக்கல்லுக்காக அவர்கள் முந்நூறு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். மாமி தட்டை வாங்கித் தானும் சுழற்றினார். முதல் முறையே கரிய மணி தங்கியது. வழிகாட்டி கைதட்டினார்.

ஈயம் என்றால் எங்கள் வீடுகளுக்கும் அந்நியமில்லை. பித்தளைக் குடத்துக்கும் சருவச் சட்டிக்கும் தெருவோடு வருபவர்கள் ஈயம் பூசியது எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கும். அந்த ஈயம் வெள்ளீயமே, மற்றதான காரீயம் நஞ்சு. சித்த மருத்துவர்கள் அதை வெள்வங்கம் என்பார்கள். பங்கா என்ற தீவுப் பெயரே வடமொழியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் 'வங்க' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதுவோர் உண்டு. இன்றைக்கு அந்த உலோகத்தின் பெரும்பகுதி மின்சுற்றுகளைப் பற்றவைக்கப் பயன்படுகிறது. கையிலிருக்கும் தொலைபேசிக்குள்ளும் அது உருகி ஒட்டியிருக்கிறது.

நாம் சாலுவின் விளிம்பில் நின்றால், படிப்படியாக வெட்டி இறங்கிய மலையும் அடியில் தேங்கிய கரும்பச்சை நீரும் தெரிகின்றன. பெலித்தோங்கில் ஈயத் தொழில் 1850களில் தொடங்கியது. 1860இல் ஒல்லாந்தர் அதற்கென பில்லிட்டன் கம்பனியை ஹேக் நகரில் நிறுவினார்கள். தீவின் பெயரை அவர்கள் உச்சரித்த விதம் அது. 2001இல் அந்தக் கம்பனி அவுஸ்திரேலியாவின் பி.எச்.பி. நிறுவனத்துடன் இணைந்ததால், உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனத்தின் பெயரில் இந்தச் சிறு தீவின் பெயர் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. தீவோ 1985 ஒக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்த பின் வேலையிழந்து தவித்தது. வழிகாட்டியின் தந்தை அந்த ஆண்டுகளில் மீன்பிடிக்கு மாறினார். கடற்கரைச் சுற்றுலா அந்த இடைவெளியில் வந்து அமர்ந்தது. இத்தீவில் பிறந்த எழுத்தாளர் ஒருவரின் ஈயத் தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றிய நாவலும் 2008இல் வந்த அதன் திரைப்படமும் இந்தோனேசியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தன.

திரும்பும் வழியில் மங்கார் நகரில் கோப்பி குடித்தோம். ஆயிரத்தொரு கோப்பிக்கடைகளின் நகரம் என்பது அதன் அடைமொழி. சுரங்க வேலை முடிந்து வந்து இருந்த பழக்கம் சுரங்கம் மூடிய பின்னும் போகவில்லை. தஞ்சோங் பாண்டானில் 1943 முதல் நடக்கும் கோங் ஜீ கடையில், விறகுக்கரியில் ஏற்றிய உயரமான கேத்தல்களில் வடிக்கும் கோப்பியை இரண்டு முறை குடித்தேன். கடும் சாயம், கூடிய இனிப்பு. தட்டிவான் கால யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை நினைவுக்கு வந்தது.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறுவனத்தின் மீதான முதல் முறைப்பாடு அங்கேதான். மீன் உண்பவர்களுக்கு இந்தத் தீவுகள் சொர்க்கம். மஞ்சளும் புளிப்பும் அன்னாசித் துண்டும் சேர்ந்த மீன் குழம்பைப் பங்காவில் 'லெம்பா கூனிங்' என்கிறார்கள், பெலித்தோங்கில் 'கங்கான்'. தேங்காய்ப்பால் விடாத மீன் சொதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒடியல் கூழ் குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். நான்கு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றிச் சம்மணமிட்டு இருந்து உண்ணும் முறை பெலித்தோங்கில் உண்டு. அந்தத் தட்டின் பெயரும் டூலாங்தான். வயதில் இளையவர் மூத்தவருக்குக் கோப்பையை எடுத்துக் கொடுத்துத் தொடங்குவது அங்குள்ள மரியாதை. இறால் சாற்றில் செய்யும் பெலித்தோங் மீ நூடில்ஸை 'சிம்போர்' என்ற அகன்ற இலையில் வைத்துத் தருகிறார்கள்.

மரக்கறி உண்பவர்களுக்கோ பாடு. எங்கள் குழுவில் ஐவர் முழு மரக்கறிக்காரர், மேலும் நால்வர் வெள்ளிக்கிழமை விரதம். முற்பணம் கட்டியபோதே இதை எழுதிக் கொடுத்திருந்தோம். 'ஏற்பாடு செய்யப்படும்' என்று பதிலும் வந்திருந்தது. அங்குள்ள சம்பலிலும் கீரை வதக்கலிலும் 'பெலாச்சான்' என்ற இறால் பசை சேராமல் இருப்பதில்லை. இரண்டாம் நாள் இரவு கங்குங் கீரையை வாயில் வைத்த மாமி, "தம்பி, இதில கருவாட்டு மணம் வருது" என்று தட்டை நகர்த்திவிட்டார். அதற்கு முன் இரண்டு வேளை அவர்கள் அறியாமல் உண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இறைச்சி, மீன் வேண்டாம் என்று மட்டுமே உணவகங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது; இறால் பசையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. விரதத்தை மதிக்கிற மனிதருக்கு இது சிறிய விடயமில்லை. மூன்றாம் நாளிலிருந்து வழிகாட்டியே சீனக் கோயிலுக்கு அருகிலுள்ள சைவக் கடை ஒன்றைத் தேடிப்பிடித்து, இறால் பசை, மீன்சாறு, முட்டை மூன்றையும் தனித்தனியே சொல்லி விலக்கச் செய்தார். நிறுவனம் இதைத் தன் நடைமுறையாக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் விரைவுப் படகில் பங்காவுக்குச் சென்றோம். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அலைக்கு வயிறு தாங்காதவர்கள் விமானத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பங்கால்பினாங்கிலுள்ள வெள்ளீய அருங்காட்சியகம் சிறியது, ஆனால் பொருள் நிறைந்தது: ஈயக் கட்டிகள், சீனத் தொழிலாளரின் கருவிகள், வாளித்தொடர் பூட்டிய அகழ்கப்பல்களின் மாதிரிகள். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது நாற்பது நிமிடம். அதன் பின் இரண்டு மணித்தியாலம் நினைவுப்பொருள் கடையில் நிற்க வைத்தார்கள்.

பங்காவின் கடற்கரைகளும் அழகானவை. சுங்கைலியாத் பக்கத்தில் பாறைகளும் மணலும் பெலித்தோங்கை ஒத்தவை. ஆனால் அங்கே கடலைப் பார்த்தால் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்தில் மிதவைகள். ஈயம் இங்கே இன்னும் உயிருள்ள தொழில். 1998இல் சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்த பின் அரசின் பிடி தளர்ந்து, ஆயிரக்கணக்கான சிறு சுரங்கங்கள் அனுமதியோடும் இல்லாமலும் முளைத்தன. நிலத்தில் இலகுவான தாது குறைந்ததும் மரத்தெப்பங்களில் பம்புகளை ஏற்றிக் கடலடியை உறிஞ்சத் தொடங்கினார்கள். மணல் கலங்கிப் பவளப்பாறை மூச்சடைக்கிறது, மீன் விலகிப் போகிறது, மீனவர்கள் எதிர்க்கிறார்கள். எதிர்க்கும் மீனவரின் வீட்டிலேயே ஒரு மகன் தெப்பத்தில் வேலை செய்கிறான். ஆற்றோரச் சதுப்புகளைத் தோண்டியதால் முதலைகள் ஊருக்குள் வருகின்றன. கோலோங்குகளில் குளிக்க வேண்டாம் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் வான் சாரதி ஒரு கோலோங்கைக் காட்டி, தான் சிறுவனாக இருந்தபோது அது தென்னந்தோப்பு என்றார்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக் கல் அகழ்ந்த குழிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. 1950இல் தொடங்கிய தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றது; குழிகள் நீர் நிறைந்து இன்றும் கிடக்கின்றன. அந்தத் தொழிற்சாலையின் சம்பளத்தில் படித்து ஆளான பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அந்தக் குழிகளால் கிணறு பழுதான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மன்னார்த் தீவின் கனிம மணலைப் பற்றி எங்கள் மக்கள் போராடுகிற இந்தக் காலத்தில், பங்காவின் கலங்கிய கடலை ஒரு முறை நேரில் பார்ப்பது கல்வி. நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலோ அந்தக் கடற்கரைகளை மிதவை தெரியாத கோணத்தில் படம்பிடிக்கும் இடங்களாக மட்டும் குறித்திருந்தது.

ஏழாம் நாள் முந்தோக். இதுவே என் பெரிய மனக்குறை. பங்கால்பினாங்கிலிருந்து தீவின் மேற்கு முனையிலுள்ள முந்தோக்குக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலப் பயணம். போய் அன்றைக்கே திரும்பும் ஏற்பாடு. காலை ஒன்பதரைக்குத்தான் வான் புறப்பட்டது. ஆக, ஈய வரலாற்றின் தலைமை நகரில் எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு.

அந்த நகரில் என்ன இருக்கிறது என்று சொன்னால் என் ஆதங்கம் விளங்கும். ஒல்லாந்தரின் ஈய நிர்வாகத் தலைமையகம் இன்று அருங்காட்சியகம். சீனக் கோயிலும் பெரிய பள்ளிவாசலும் ஒரே மதிலுக்கு இருபுறமும் நிற்பது போல அருகருகே நிற்கின்றன. நகருக்கு மேலே மெனும்பிங் மலையில் ஈயக் கம்பனி கட்டிய விடுதி இருக்கிறது. 1948 டிசம்பரில், சுதந்திரத்துக்குப் போராடிய இந்தோனேசியக் குடியரசின் அப்போதைய தலைநகர் யோக்யகார்த்தாவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், துணைச் சனாதிபதி ஹத்தாவையும் மற்றத் தலைவர்களையும் அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1949 பெப்ரவரியில் சனாதிபதி சுகர்னோவும் பங்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் அவர்கள் விடுதலையாகித் திரும்பும் வரை, பிறந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் தலைமை இந்தச் சிறு நகரில் இருந்தது. நகருக்கு அப்பால் ராஜிக் கடற்கரை. 1942 பெப்ரவரி 16ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து தப்பி வந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டதால் கரையேறிய அவுஸ்திரேலியத் தாதியர் 22 பேரை யப்பானியப் படையினர் கடலுக்குள் நடக்கவைத்துச் சுட்டார்கள்; விவியன் புல்விங்கிள் ஒருவரே உயிர் பிழைத்தார். தஞ்சோங் காலியான் வெளிச்சவீட்டடியில் உள்ள நினைவுக்கல்லின் முன் நாங்கள் நின்றது ஏழு நிமிடம். எங்களில் பலர் தங்கள் கடற்கரைகளில் பிணங்களைக் கண்டவர்கள். ஒருவரும் பேசவில்லை. வான் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டது.

மெனும்பிங் விடுதியை வாசலோடு பார்த்துத் திரும்பினோம்.

கோத்தா காப்பூர்க் கல்வெட்டு நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை. பங்காவின் மேற்குக் கரையில் 1892இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு, கி.பி. 686ஆம் ஆண்டுக்குரியது, சுமத்திராவை மையமாகக் கொண்ட சிறிவிஜயப் பேரரசு பொறித்தது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவ எழுத்து. காஞ்சியிலிருந்து கடல் கடந்து போன எழுத்தில், அரசனுக்குப் பணியாதவர்மீது சாபம் எழுதப்பட்டிருக்கிறது. கல் இப்போது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில் ஜகார்த்தாவில் எங்களுக்கு அரை நாள் இடைவெளி இருந்தது. அதை ஒரு பேரங்காடியில் கழித்தோம். தமிழ்ப் பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனம் தவறவிடக் கூடாத கல் அது. இன்னொரு செய்தியையும் அங்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும்: 1814ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் பங்காத் தீவை ஒல்லாந்தருக்குக் கொடுத்து, அதற்கு மாற்றாகப் பிரித்தானியர் பெற்றுக்கொண்டது கொச்சியை. யாழ்ப்பாணக் கோட்டையை இழந்த அதே ஒல்லாந்தர், மலையாளக் கரையை விட்டு ஈயத்தைத் தெரிவுசெய்தார்கள்.

தங்குமிடங்கள் இரண்டும் சுத்தமானவை. பெலித்தோங்கில் கடலைப் பார்த்த அறைகள். கட்டணம், அதே நாட்களுக்குப் பாலிக்கு என்னிடம் கேட்கப்பட்டதைவிடக் கூடுதல். உள்ளூர் விமானமும் தீவுகளுக்கிடையிலான படகும் சேருவதால் அது நியாயமே. வாங்கிவரத் தக்கது முந்தோக் வெண்மிளகு. பழுத்த மிளகை நீரில் ஊறவிட்டுத் தோல் நீக்கிக் காயவைப்பது. கறுப்பு மிளகைவிடக் காரம் கூர்மையாக இருக்கிறது, இரசத்துக்குப் பாதி அளவே போதும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பதால் அந்த மாதங்களில் சிறு தீவுகளுக்குப் படகு உறுதியில்லை. மெனும்பிங் ஏற்றமும் பாறை இடுக்குகளும் முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கடினம்.

திரும்பி வந்த கிழமையே நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்று நான்கு விடயங்களை எழுதிக் கொடுத்தேன்: முந்தோக்கில் ஓர் இரவு தங்குதல், பெலித்தோங்கின் மூன்றாம் நாளைச் சுரங்க நாளாக்குதல், ஜகார்த்தா அருங்காட்சியகம், மரக்கறி உணவுக்கு இறால் பசை பற்றிய எழுத்து மூல அறிவுறுத்தல். கடைசி இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சுரங்க நாளுக்கு அதே வழிகாட்டியிடம் பேசுவதாகச் சொன்னார்கள். முந்தோக் இரவுக்குக் கட்டணம் சிறிது கூடும், அதற்குப் பயணிகள் சம்மதிப்பார்களா என்று தயங்கினார்கள். அடுத்த குழு சித்திரைக்குப் பின் புறப்படுகிறது. பெயர் கொடுப்பவர்கள் முற்பணம் கட்டும்போதே அந்த இரவைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சேர்ப்பதாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.